அத்தியாயம் 6: பந்தி விசாரணை – சபை முழுவதும் மகிழும் ஓர் அசனத்தை நடத்துவது எப்படி?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் அசனம் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை போன்ற விசேஷ நாளில் ஆராதனை முடிந்ததும், ஆலய வளாகத்திலேயே சமைத்து, இலை போட்டு, சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து அது. அந்தச் சொல்லுக்கே உணவு என்றுதான் பொருள்.

முதன்முறையாக அசனப் பொறுப்பை ஏற்றிருப்பவருக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். நீங்கள் சபை மன்ற உறுப்பினராக இருக்கலாம், பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ வாலிபர் சங்கத்திலோ இருக்கலாம். கணக்கு எல்லாம் 500 பேருக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் சபைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

பணம் இருந்தால் சமையலையும் பரிமாறுதலையும் மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம். எல்லார் வயிறும் நிறையும், ஆனால் சபைக்கு அது கலியாண வீட்டுச் சாப்பாடாக முடிந்துவிடும். சேர்ந்து வேலை செய்த சபைதான் சேர்ந்து மகிழும். அந்த மகிழ்ச்சியில் ஒருவர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பொறுப்பு. சோறும் குழம்பும் அதற்கு அடுத்தவை.

## தொடங்கும் முன்: வேதத்தில் மூன்று பந்திகள்

முதல் கூட்டத்தில் இந்த மூன்று பகுதிகளையும் வாசியுங்கள். பத்து நிமிடம் போதும்.

1. நெகேமியா 8. மதில் கட்டி முடிந்தபின் வேதம் வாசிக்கக் கேட்டு அழுத மக்களிடம், அழுகையை நிறுத்திவிட்டுப் போய் விருந்துண்ணச் சொல்கிறார்கள். எதுவும் தயார் செய்யாதவர்களின் வீட்டுக்கும் பங்கு போக வேண்டும் என்று கூடவே கட்டளை வருகிறது.
2. 1 கொரிந்தியர் 11. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைப் பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார்.
3. அப்போஸ்தலர் 6. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அந்த வேலைக்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஏழு பேருமே கிரேக்கப் பெயர் உடையவர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்தார்கள் என்று அதிலிருந்து நான் படித்துக்கொண்டேன்.

அந்த மூன்றாம் பகுதியில் நம் தமிழ் வேதாகமத்தில் வரும் சொல் ‘பந்திவிசாரணை’. அசனத்தின் முழு வேலைத்திட்டமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

## எட்டு வாரத்துக்கு முன்: குழுவும் பெயர்ப்பட்டியலும்

1. ஐந்து பொறுப்பாளர்களைக் குறியுங்கள். அரிசி–பலசரக்கு, அடுப்பு–தண்ணீர், பந்தி, வீடுகளுக்கு அனுப்பும் பங்கு, கணக்கு. ஒருவருக்கு ஒரு பொறுப்பு மட்டும்.
2. ஐந்து பேரும் ஒரே தெருக்காரராகவோ ஒரே குடும்பத்தாராகவோ இருக்க வேண்டாம். போன வருடம் குறை சொன்ன ஒருவரை அவசியம் சேருங்கள்.
3. சபைப் பதிவேட்டை எடுத்துத் தெருவாரியாகப் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி இடுங்கள்: ‘வருவார்’, ‘வர முடியாதவர்’, ‘வராமல் இருப்பவர்’.
4. ‘வர முடியாதவர்’ பட்டியல்: படுக்கையில் இருப்பவர், பிள்ளை பெற்றவர், துக்க வீட்டார், வேலைக்குப் போயே ஆக வேண்டியவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர்.
5. ‘வராமல் இருப்பவர்’ பட்டியல்: மனத்தாங்கலில் ஒதுங்கியவர், சபைத் தேர்தலில் தோற்றபின் வராதவர், கடன் தொல்லையால் முகம் காட்டத் தயங்குபவர். இந்தத் தாளை ஆலயத்தில் வாசிக்கக் கூடாது. சபை ஊழியரும் நீங்களும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

### ஒதுங்கியவர் வீட்டுக்குப் போகும்போது

இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பழைய சண்டையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவர் எடுத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல நீங்கள் போகவில்லை. கிளம்பும்போது ஒரு வேலையைச் சொல்லி அழையுங்கள்: “அண்ணாச்சி, அடுப்புப் பக்கம் உங்க கை இல்லாம எங்களுக்கு ஓடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்திருங்க.” விருந்துக்கு அழைத்தால் வரத் தயங்குகிறவர் வேலைக்கு அழைத்தால் வருவார். பிடிவாதமாக மறுத்தாலும் கசப்பில்லாமல் எழுந்து வாருங்கள். பண்டிகைக்கு முந்திய வாரம் இன்னொரு முறை போங்கள். மூன்றாம் முறை வேண்டாம். அது வற்புறுத்தலாகிவிடும்.

## எட்டு வாரமும்: பிடி அரிசி

சில ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு அசனம் நடத்துகிறார்கள். வசூல் சுலபம்தான். ஆனால் வரி கொடுக்க முடியாத வீட்டுக்காரர் அன்று ஏதாவது காரணம் சொல்லி வெளியூர் போய்விடுவார். கொடுக்க இயலாதவரை விலக்கிவைக்கும் எந்த முறையும் அசனத்துக்கு ஆகாது.

பிடி அரிசிதான் என் பரிந்துரை. நம் சபைப் பெண்களுக்குப் பழகிய காணிக்கை அது. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 45 கிராம். எட்டு வாரத்துக்கு 56 நாள். ஒரு வீட்டில் சேர்வது சுமார் இரண்டரைக் கிலோ. 30 வீடு சேர்ந்தால் 75 கிலோ. 500 பேருக்கான அரிசி அதிலேயே வந்துவிடுகிறது. மாடி வீட்டுப் பிடிக்கும் ஓட்டு வீட்டுப் பிடிக்கும் எடையில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

1. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரித் துணிப்பை தைத்துக் கொடுங்கள். பையில் பெயர் எழுத வேண்டாம்.
2. வாரம் ஒரு முறை வாங்கிச் சேருங்கள். எட்டு வாரம் வீட்டிலேயே கிடந்தால் வண்டு விழும்.
3. பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி மூன்றையும் தனித்தனி டிரம்மில் போடுங்கள். ஒரே அண்டாவில் கலந்து போட்டால் ஒன்று குழையும், இன்னொன்று விறைப்பாக நிற்கும்.
4. ரேஷன் அரிசி கொடுத்தவரை ‘வேற அரிசி இல்லையா?’ என்று கேட்கவே கூடாது. அதைத் தனியாக வடித்து, பாயில் கொட்டும்போது மற்றச் சோற்றோடு சேர்த்துவிடலாம்.
5. கறி, பலசரக்குச் செலவுக்குப் பணக் காணிக்கை வாங்குங்கள். மூடிய பெட்டியில் போடட்டும். இன்னார் இவ்வளவு என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். கணக்குக்கு ரசீது போதும்.

## இரண்டு வாரத்துக்கு முன்: அளவும் அனுமதியும்

500 பேருக்கு நான் வைக்கும் அளவு இது. ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சமையலுக்குப் பொறுப்பான உங்கள் தவசிப்பிள்ளையிடம் காட்டிவிட்டுச் சாமான் வாங்குங்கள்.

- அரிசி: 72 கிலோ (ஒரு கிலோ ஏழு பேருக்கு)
- ஆட்டுக்கறி: 50 கிலோ (தலைக்கு 100 கிராம்)
- சாம்பார் பருப்பு: 12 கிலோ
- கூட்டுக்கும் சாம்பாருக்கும் காய்: 30 கிலோ
- வெங்காயம், சின்னதும் பெரியதுமாக: 20 கிலோ
- வாழை இலை: 550 (கிழிசலுக்கு 50 கூடுதல்)
- குடிநீர்: 500 லிட்டர். சமைக்கவும் கழுவவும் தனியாக 2,000 லிட்டர்.

குறிப்பு: கறி சாப்பிடாதவர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாம்பார் அண்டா, கரண்டி, வாளி மூன்றும் தனியாக இருக்கட்டும். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டாரை அழைக்கும் ஊர்களில் ஆட்டுக்கறி எங்கே, எப்படி வாங்குகிறீர்கள் என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட அது உதவும்.

அனுமதி: மதக் கூட்டங்களில் உணவு வழங்குவோரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்து இந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

## முந்திய நாள் இரவு: வெங்காயம் உரிக்கும் நேரம்

பலர் இதை வெறும் ஆயத்த வேலை என்று நினைத்து, உரித்த வெங்காயத்தைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சபை மகிழத் தொடங்குவது இந்த இரவில்தான்.

எங்கள் ஊர் ஆலயத்தின் தெற்கு வராந்தாவில் பாய் விரித்து, இரண்டு குண்டு பல்பு தொங்கவிடுவோம். நடுவில் வெங்காயம் குவிந்திருக்கும். அரிவாள்மணை வைத்திருக்கும் பெரியம்மாக்கள் சுவரோரம், உரிக்கிறவர்கள் சுற்றி. சின்னப் பிள்ளைகள் தோலை அள்ளிச் சாக்கில் போடுவார்கள். எல்லார் கண்ணிலும் நீர் வழியும். யார் வெங்காயத்துக்கு அழுகிறார், யார் வேறு எதற்கோ அழுகிறார் என்று தெரியாது. கணவரை இழந்து நாலு மாதமே ஆகியிருந்த ஓர் அக்கா ஒருமுறை அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரிடம் ஆறுதல் மொழி பேசவில்லை. பக்கத்திலிருந்த ஆச்சி தன் முன்னால் இருந்த வெங்காயத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். பத்து மணிக்குச் சுக்குக் காப்பி வந்தபோது அந்த அக்காவும் பாட்டில் சேர்ந்திருந்தார்.

மகிழ்கிறவரோடு மகிழச் சொல்லும் ரோமர் 12:15, அழுகிறவரோடு அழவும் அதே மூச்சில் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பாயில் இடம் உண்டு.

இந்த இரவை ஒழுங்கு செய்ய:

1. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்தரைக்குள் முடியுங்கள். மறுநாள் விடியுமுன் எழ வேண்டியவர்கள் தூங்க வேண்டும்.
2. ஒலிபெருக்கி வேண்டாம். பேச்சும் பாட்டும் தாமாக வரட்டும்.
3. உட்கார முடியாத முதியவருக்கு நாற்காலியும் மடியில் வைத்துக்கொள்ளத் தாம்பாளமும் கொடுங்கள். பூண்டு உரிப்பது, மிளகாய்க் காம்பு கிள்ளுவது அவர்கள் வேலை.
4. கத்தி, அரிவாள்மணை பெரியவர்கள் கையில் மட்டும். வேலை முடிந்ததும் எண்ணி எடுத்துப் பூட்டி வையுங்கள்.
5. நறுக்கிய காயைத் தரையில் வைக்காமல் மூடிய பாத்திரத்தில் உயரத்தில் வையுங்கள். கறியை முந்திய நாளே வாங்கி வைக்காதீர்கள். விடியற்காலையில் அறுத்து நேராகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

## அடுப்படி: பாதுகாப்பு விதிகள்

இந்தப் பகுதியைத் தாளில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

1. இடம்: கோட்டை அடுப்பு பந்தலிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஓலைப் பந்தலானால் காற்று வீசும் திசையையும் பாருங்கள்.
2. கயிறு: அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். பிள்ளைகள் கயிற்றைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள்.
3. உடை: பருத்தி உடை. நைலான் சேலை, தொங்கும் துப்பட்டா வேண்டாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.
4. சிலிண்டர்: வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.
5. கஞ்சி வடிப்பது: அடுப்படியில் மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம் இது. பழகிய இரண்டு பேர் மட்டும் அண்டாவைச் சாய்க்கட்டும். வடிகஞ்சி ஓடும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. ஈரத் தரையில் சாக்கு விரியுங்கள்.
6. எண்ணெய் தீப்பற்றினால்: தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். இரண்டு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.
7. சுட்டுவிட்டால்: சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓட விடுங்கள். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். காயம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ உடனே 108.

### உணவு கெடாமல் இருக்க

சமைத்த சோற்றை ஆறவிட்டு மணிக்கணக்கில் குவித்து வைப்பது ஆபத்து. வேகவைத்தாலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பான குவியலில் அவை பெருகும். ஆகவே:

1. 72 கிலோவையும் ஒரே தடவையில் வடிக்காதீர்கள். 40 கிலோவை முதலிலும், 32 கிலோவை முதல் பந்தி உட்கார்ந்த பிறகும் வடியுங்கள். கடைசிப் பந்திக்காரருக்கும் சுடு சோறு கிடைக்கும். பிந்தி வந்தவருக்கு ஆறின சோறு என்ற நிலைமை கொரிந்து சபையோடு போகட்டும்.
2. குழம்பு, சாம்பார், ரசம் மூன்றும் கடைசிப் பந்திவரை சிறு தணலில் இருக்கட்டும்.
3. தேங்காய் அரைத்து ஊற்றும் கூட்டைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் ஊசிப்போவது அதுதான்.
4. மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் மாட்டுத் தொட்டிக்கு.

## முதல் பங்கு வெளியே போகட்டும்

பல ஊர்களில் எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின் மிஞ்சியதைப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

1. குருவானவர் ஜெபித்ததும் முதல் சோறு ‘வர முடியாதவர்’ பட்டியலுக்கு. தூக்குவாளிகளில் பெயர்ச் சீட்டுக் கட்டி முன்பே வரிசையாக வையுங்கள்.
2. ஒரு வாளிக்கு இரண்டு பேர்: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும். பிள்ளைகள் அந்த வீட்டை மறக்க மாட்டார்கள்.
3. வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஆலயத்தில் இன்று என்ன பாடினார்கள், யார் யார் வந்திருந்தார்கள் என்று சொல்லுங்கள்.
4. துக்க வீட்டில் பண்டிகை வாழ்த்துச் சொல்ல வேண்டாம். “உங்க பங்கு கொண்டுவந்திருக்கோம்” என்பது போதும்.
5. அறுவைச் சிகிச்சை செய்தவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி வீட்டில் என்ன சாப்பிடலாம் என்று முந்திய நாளே கேட்டுவிடுங்கள்.

## பந்தி நடத்தும் முறை

ஒரு பந்திக்கு 100 பேர், அரை மணி நேரம். ஐந்து பந்தி என்றால் இரண்டரை மணி நேரம். பதினொன்றரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும்.

1. வரிசை: முதல் பந்தியில் முதியவர், கர்ப்பிணிகள், பிள்ளைகள், வெளியூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள்.
2. தனிப் பந்தி கிடையாது. பேராயர் வந்தாலும் சட்டமன்ற உறுப்பினர் வந்தாலும் அதே வரிசை, அதே இலை.
3. தரையில் உட்கார முடியாதவருக்கு அந்த வரிசையின் நீட்சியாகவே மேசை போடுங்கள். தனி அறையில் போடாதீர்கள்.
4. பரிமாறுகிறவர்கள்: ஐம்பது பேர் வரிசைக்கு எட்டு பேர். சோற்றுக்கு இரண்டு, குழம்பு–சாம்பாருக்கு இரண்டு, கூட்டு, ரசம், தண்ணீருக்கு ஒவ்வொருவர். எட்டாமவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது.
5. சமைத்தவர்களுக்கு மூன்றாம் பந்தியில் இடம் ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் ரசச்சோறு மட்டும் மிஞ்சும் நேரத்தில் அவர்களை உட்கார வைப்பது அநியாயம். அந்த அரை மணி நேரம் அடுப்பை வாலிபர்கள் பார்க்கட்டும்.

### வெறுங்கையோடு நிற்பவர் எதற்கு?

அந்த எட்டாமவரை எனக்குக் கற்றுத்தந்தது என் தவறு. நான் பொறுப்பேற்ற முதல் அசனத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்தி எழுந்தபின் மணிக்கூண்டுப் பக்கம் போனேன். காம்பவுண்டுச் சுவர் நிழலில் ஒரு பாட்டி, மடியில் சுருட்டிய பையோடு உட்கார்ந்திருந்தார். “சாப்பிட்டீங்களா பாட்டி?” என்றேன். “ரெண்டு பந்திக்கு வந்து பாத்தேன் ஐயா. யாரும் வா, உக்காருன்னு சொல்லல. கூப்பிடாம எப்படி உக்காருவேன்?” என்றார். உள்ளே 20 கிலோ சோறு மீதி இருந்தது. அவருக்கு இலை போட்டுப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஆனால் அவர் அங்கே காத்திருந்த நேரத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

எல்லார் கையிலும் வாளி இருந்தது. அதனால் எல்லாரும் இலையைத்தான் பார்த்தோம். அன்றுமுதல் வரிசைக்கு ஒருவரை வெறுங்கையோடு நிறுத்துகிறேன். அவர் முகம் பார்ப்பார். வாசலில் தயங்கி நிற்பவரைக் கையைப் பிடித்து அழைத்து வருவார். தனியாக வந்தவரைப் பேச்சுத் துணை உள்ள இடத்தில் உட்கார வைப்பார். “போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்பார். பந்தி விசாரணை என்பது அதுதான். சபையிலேயே அதிகம் பேரைத் தெரிந்தவரை இதற்குப் போடுங்கள். பெரும்பாலும் அவர் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருப்பார்.

### யார் இலை எடுப்பது?

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பிறகு இவ்வளவு காலம் ஆகியும், தண்ணீர் சுமப்பதும் எச்சில் இலை எடுப்பதும் எப்போதும் ஒரே தெருக்காரர் தலையில் விழுகிற சபை இருக்குமானால், அங்கே அசனம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகியதற்காகப் பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்பதைக் கலாத்தியர் 2இல் வாசிக்கிறோம்.

1. பரிமாறும் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் எல்லாத் தெருவும் கலந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.
2. இலை எடுக்கும் வேலையைச் சபை மன்ற உறுப்பினர்கள் செய்யட்டும். முதல் பந்திக்கு நீங்கள் எடுங்கள்.
3. ‘அவங்க பழக்கப்பட்டவங்க’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.

## வழக்கமாக நடக்கும் தவறுகள்

- பேச்சு நீள்வது. ஆராதனைக்குப் பின் வாழ்த்துரை, சால்வை, நினைவுப் பரிசு என்று ஒரு மணி நேரம் போனால் பிள்ளைகளும் நோயாளிகளும் தவிப்பார்கள். அவற்றை மாலைக் கூட்டத்துக்குத் தள்ளுங்கள்.
- அசன நேரத்தில் ஏலம். பண்டிகைக் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் வழக்கம் நல்லதுதான். பந்தி நடக்கும்போது வேண்டாம். வசதியுள்ளவர் பெயர் மைக்கில் ஒலிக்கும்போது வசதியில்லாதவர் தலை குனிந்து சாப்பிடுவார்.
- டோக்கன். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தருவதானால் எல்லாருக்கும் தாருங்கள். பணம் கொடுத்தவருக்கு மட்டும் தந்தால் அது ஓட்டல்.
- சாப்பிடுகிறவரைப் படம் எடுப்பது. கேட்டு எடுங்கள். சோறு வாங்கும் கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.
- பெண்களுக்குச் சமையல், ஆண்களுக்கு மேற்பார்வை. வேலைப் பட்டியலில் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். பாத்திரம் கழுவுவதிலும்தான்.
- குடித்துவிட்டு வருபவரை விரட்டுவது. நிதானமான இரண்டு பேர் ஓரமாக அழைத்துப் போய்ச் சோறு கொடுத்து வீட்டில் விடட்டும். அவர் மனைவியும் பிள்ளைகளும் பந்தியில் இருக்கிறார்கள்.

## மறுநாளும் அடுத்த வாரமும்

1. அன்று மாலைக்குள் அடுப்புச் சாம்பலை நனைத்து அணையுங்கள். இலையை உரக்குழியில் போடுங்கள். பாத்திரங்களை எண்ணி ஒப்படையுங்கள்.
2. வயிற்றுப்போக்கு, வாந்தி என்று யாராவது சொன்னால் மறைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.
3. அடுத்த ஞாயிறு வரவு செலவை ஆலயப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு மூடியிருந்தால் சந்தேகம் வளரும். போன வருட மகிழ்ச்சியையும் சேர்த்து அது தின்றுவிடும்.
4. வேலை செய்தவர்களுக்கு நன்றி சொல்லும்போது பெயர்களை வாசிக்க வேண்டாம், ஒருவராவது விட்டுப்போவார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழு ஆலயமும் நிற்கும். நிற்காவிட்டால் அடுத்த வருடம் வேலையை இன்னும் பரவலாகப் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.
5. பெயர்ப்பட்டியலை எடுத்து, வந்தவர்களுக்கு எதிரே குறி இடுங்கள். குறி இல்லாத வீடுகளுக்கு அந்த வாரமே போங்கள்.

## கிளம்பும் முன் சரிபார்க்க

- வர முடியாதவர் பட்டியல் தயார், தூக்குவாளியில் சீட்டுக் கட்டியாயிற்று
- சாம்பாருக்குத் தனி அண்டா, தனிக் கரண்டி
- கயிறு, மணல், தண்ணீர், முதலுதவிப் பெட்டி
- சோறு இரண்டு தவணையாக வடிக்க ஏற்பாடு
- வரிசைக்கு ஒருவர் வெறுங்கையோடு
- சமைத்தவர்களுக்கு மூன்றாம் பந்தி
- இலை எடுப்பவர்கள் சபை மன்றத்தார்

கடைசியாக ஒன்று. இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் எழுப்பிய ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. வேலை தொடங்கியபோது கல் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் ஆலயங்கள் எல்லாமே அப்படிப் பலர் கை சேர்ந்து எழுந்தவைதான். பிரதிஷ்டைப் பண்டிகையன்று நாம் போடும் இலை அந்தக் கைகளுக்கும் மரியாதை.

இந்த வருடம் உங்கள் ஊர் அசனம் முடிந்ததும், பாத்திரம் கழுவப் போகுமுன், ஆலயத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். சுவரோரம், மணிக்கூண்டு நிழல், வாசல் வேப்பமரத்தடி எல்லாம் பாருங்கள். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்து, இலை போட்டு, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.